உங்க மொகத்துக்காகத்தான் வந்தேனுங்க

"தப்பா நெனைச்சுக்காதீங்க டீச்சர். ஏழு மாசம் நான் கோயிலுக்கு வந்தேன்னா, உங்க மொகத்துக்காகத்தான் வந்தேனுங்க."

2009-ல் பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் ஒரு அக்கா என்னிடம் சொன்னது இது. குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. ஒரு கையில் காய்ப் பை, இன்னொரு கையில் சென்னிமலை பஸ்ஸுக்கான சில்லறை. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பாரம் இறங்கிற்று. என் மேல் ஏறியது இன்னும் இறங்கவில்லை; இறங்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

2007-ல் அந்த அக்காவின் மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஒன்பது வயசுப் பையன், என் வகுப்பில் படித்தவன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் அப்பா தறி ஓட்டுகிறவர். தறிக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குப்போசியில் ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு நான் போவேன். சில ராத்திரி துணைக்கு இருந்தேன். மருந்துக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தேன். கட்டிலோரம் முழங்காலில் நின்று ஜெபித்தேன். பையன் பிழைத்தான். அதுவரைக்கும் செய்தது எதற்கும் நான் வருத்தப்படவில்லை. அவனை வீட்டுக்குக் கூட்டிப்போன அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "உங்க பையனை இயேசு காப்பாத்திட்டாருங்க அக்கா. இனி நீங்க அவருக்குத்தான் சொந்தம். ஞாயித்துக்கெழமை ஆட்டோ அனுப்பறேன்."

அதை என் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்வது என்று நம்பினேன். மறுப்புச் சொல்ல வழியே இல்லாத ஒரு நேரம் பார்த்து ஒருத்தியிடம் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. அக்கா எங்கள் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பாடும்போது கண் கலங்கினார். நான் அதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினேன். எட்டாம் மாதம் நின்றுவிட்டார். அப்புறம் ரேஷன் கடைக்குப் போகக்கூட எங்கள் வீதியை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அவருக்கு இழப்பு கோயில் மட்டும் இல்லை. அவசரத்துக்கு ஓடிவர ஒரு வீடு இருந்தது. அதையும் நானே இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு ஊரில் இருக்கிறேன். 31 வருசம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு என்று ஏதாவது ஒன்றில் இருந்துகொண்டே வந்திருக்கிறேன். விசுவாசத்தில் பிறரை நடத்துவது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டதில் பாதி வேதத்திலிருந்து; மீதிப் பாதி அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து.

என் அம்மாயி ஊர் தாராபுரம் பக்கம். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணி. "வாங்க, உக்காருங்க" என்பதோடு மழை, மாடு, வெள்ளாமை என்று பேச்சு எங்கெங்கோ போகும். வந்த காரியம் என்னவென்று அம்மாயி கேட்டு நான் பார்த்ததில்லை. "சொல்லோணும்னு வந்தவங்க தானாச் சொல்லுவாங்க. நாம கேட்டா, எதுக்கு வந்தேன்னு வாசல்லயே நிறுத்துன மாதிரி ஆயிரும்" என்பார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் நாங்கள். வீடு தேடி வருகிற ஒறம்பரைக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை, தேவனைப் பற்றிப் பேச உட்காரும்போது மட்டும் நான் எப்படி மறந்தேன்?

பஸ் ஸ்டாண்ட் பேச்சு நடந்த மறுவாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணி கொடுத்தார். "மன்னிச்சுக்குங்க அக்கா. பையன் பொழைச்சதைக் காட்டி உங்களை இழுத்துட்டேன். அந்தச் சோத்துக்கும் காசுக்கும் நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லைங்க" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர்" என்று உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து மறுபடி எங்கள் வீதி வழியாக நடக்கத் தொடங்கினார்.

உதவியையும் உபதேசத்தையும் நான் இப்போது பிரித்தே வைக்கிறேன். லூக்கா 17-ம் அதிகாரத்தில் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்குகிறார். திரும்பி வந்தவன் ஒருவன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்கிறார். ஆனால் வராத ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதாக அங்கே ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவரிடம், சாவு வீட்டில் இருக்கிறவரிடம், கடனில் மூழ்கியிருக்கிறவரிடம் இயேசுவை ஏற்றுக்கொள்கிற தீர்மானம் எதுவும் கேட்பதில்லை. உதவி செய்ய நேர்ந்தால் வாயைத் திறந்தே சொல்லிவிடுகிறேன்: "இதுக்கும் எங்க கோயிலுக்கும் சம்பந்தமில்லைங்க. நீங்க வந்தாலும் வராட்டியும் இது இதுதான்." மனசுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. சொன்னால்தான் எதிரே இருப்பவருக்கு மூச்சு வருகிறது.

ஜெபிக்கவும் கேட்டுக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். "ஜெபம் பண்ணட்டுங்களா?" என்று ஒரு கேள்வி. சரி என்றால், "சத்தமாவா, மனசுக்குள்ளயா?" என்று இன்னொன்று. மனசுக்குள் போதும் என்கிறவர்கள்தான் அதிகம். பொது வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள். காலையில்தான் மாமியார் வந்து நெற்றியில் திருநீறு வைத்துவிட்டுப் போயிருப்பார். சத்தமாக ஜெபித்தால் நோயாளிக்கு அங்கே புதிதாக ஒரு சங்கடம். பார்வையற்ற பர்திமேயு தனக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்படி கூவிக்கொண்டிருந்தான். அவனிடமும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டுவிட்டுத்தான் பார்வை கொடுத்தார். இன்னொன்றையும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்: மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்ன தேதிக்குப் போக வேண்டும். ஜெபித்தவர் சொன்னார் என்று ஒருவர் மருந்தை விட்டுவிட்டால், அந்தப் பாவம் ஜெபித்தவரைத்தான் சேரும்.

ஈரோட்டில் பிரப் ரோட்டில் தினமும் போய்வருகிறவர்களில் பலருக்கு, அது லண்டன் மிஷனில் இருந்து வந்து ஊழியம் செய்த ஒருவரின் பெயர் என்று தெரிந்திருக்காது. மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த எத்தனையோ தாத்தா பாட்டிகளை இந்தப் பக்கத்தில் சந்தித்திருக்கிறேன். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" ஜெபத்தைத் தட்டாமல் சொல்வார்கள். மாரியம்மன் நோம்பிக்குத் தீச்சட்டியும் எடுப்பார்கள். சின்ன வயசில் இது எனக்கு வருத்தமாக இருந்தது, விதைத்தது வீணாய்ப் போனதே என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. அறுபது வருசம் கழித்தும் அந்தப் பள்ளியை அவர்கள் அன்போடு நினைக்கிறார்கள் என்றால், அங்கே அவர்களை யாரும் கட்டிப்போடவில்லை என்றுதானே அர்த்தம்.

திடப்படுத்தல் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிற மதத்தாரிடம் வற்புறுத்தக் கூடாது என்று ஒத்துக்கொள்கிற நம்மவர்களே, சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அதை யோசிப்பதில்லை.

எங்கள் சபையில் பதினான்கு, பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குச் சில மாதம் வகுப்பு எடுப்போம். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், திருவிருந்தின் பொருள். முடிவில் பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். அன்றைக்கு முதல் முறையாகத் திருவிருந்து எடுப்பார்கள். குழந்தையாக இருந்தபோது பெற்றோர் கொடுத்த வாக்கை இப்போது பிள்ளை தன் வாயால் சொந்தமாக்குகிற நாள் அது. பொருள் அவ்வளவு பெரியது. நடைமுறையிலோ வெள்ளை உடுப்பு, போட்டோக்காரர், மண்டபத்தில் சாப்பாடு. பிள்ளைக்கு விருப்பம் உண்டா என்று கேட்கவே யாருக்கும் தோன்றுவதில்லை.

முன்பொரு வருசம் ஒரு பையன், "டீச்சர், எனக்கு இதுல பாதி நம்பிக்கை வரலைங்க" என்றான். "சொல்லு கண்ணு, சொல்லச் சொல்ல வந்துரும்" என்று அனுப்பிவிட்டேன். அவன் சொன்னான். அதன்பின் அவன் கோயில் வாசற்படி ஏறியதை நான் பார்க்கவில்லை.

2014-ல் ஒரு பெண் பிள்ளை வந்தாள். பேராயர் வர மூன்று வாரம்தான் இருந்தது. "டீச்சர், அவரு முன்னாடி நின்னு 'விசுவாசிக்கிறேன்'னு நான் சொன்னா அது பொய்யுங்க" என்றாள். இந்தத் தடவை அவசரப்படாமல், எந்த இடத்தில் தடுக்கிறது என்று கேட்டேன். அவளுடைய அப்பத்தா கடைசிவரை முருகனைக் கும்பிட்டவர். இவளைத் தூக்கி வளர்த்தவர். போன வருசம் தவறிவிட்டார். "அப்பத்தா இப்ப எங்கீங்க டீச்சர் இருப்பாங்க?" அதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த பதில் எதையாவது சொல்லி வாயை அடைத்திருக்கலாம். "நியாயந்தீர்க்கறவர் தேவன். அவர் என்னைவிட இரக்கமானவர்னு நான் நம்பறேன். உங்க அப்பத்தாவைப் பத்தித் தீர்ப்புச் சொல்ற எடத்துல நான் இல்ல சாமி" என்றேன். அவள் அழுதாள். இந்த வருசம் வேண்டாம் என்றாள். அவள் சம்மதத்தோடுதான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவள் அப்பா கொதித்துவிட்டார். "ஒறம்பரைக்கெல்லாம் சொல்லியாச்சு, துணியும் எடுத்தாச்சு, நீங்களே கெடுக்கறீங்களே டீச்சர்!" எங்கள் ஆயர் அவள் பக்கம் நின்றார், அவர் நிற்காவிட்டால் என்னால் முடிந்திருக்காது. அந்த ஞாயிறு மற்றப் பிள்ளைகள் வெள்ளையில் வரிசையாகப் போக, அவள் நீலச் சுடிதாரில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைகுனியவில்லை.

மூன்று வருசம் கழித்துக் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது, அங்கேயே ஒரு சபையில் திடப்படுத்தல் எடுத்துக்கொண்டாள். எனக்குச் சொல்லவில்லை, அவள் அம்மா சொல்லித்தான் தெரியும். சொல்லியிருக்கலாமே என்று மனசு வலித்தது. வலித்த பிறகு யோசித்தேன். அவள் என் முகத்துக்காகச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் சிலவற்றை மாற்றினோம். பெயர்ப் பட்டியலைக் கடைசி வாரத்தில்தான் ஆயரிடம் கொடுக்கிறோம். துணிமணி அதுவரை எடுக்க வேண்டாம் என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு பிள்ளையோடும் கோயில் வாசல் வேப்பமரத்தடியில், எல்லாரும் பார்க்கிற மாதிரி ஆனால் பேச்சு யாருக்கும் கேட்காத தூரத்தில், தனியாகப் பேசுகிறேன். ஆமா, இல்ல, இப்ப வேண்டாம் என்ற மூன்றில் எதைச் சொன்னாலும் வகுப்பில் அவர்கள் இடம் மாறாது. விடுமுறை வேதாகமப் பள்ளியில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கண்ணை மூடிக் கை தூக்குங்கள் என்று சொல்வதையும் விட்டுவிட்டோம். பக்கத்தில் இருக்கிறவன் தூக்கினால் இவனும் தூக்குவான். போன வருசம் தூக்கிய அதே கைகள் இந்த வருசமும் தூக்கும். அங்கே பிற மதத்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். என்ன பாட்டு, என்ன கதை சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஒரு தாளில் அச்சடித்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புகிறோம். ஒரு தடவை இரண்டு அம்மாக்கள் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். சரிங்க என்றோம். அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் விளையாட மட்டும் வந்தார்கள். அவர்களுக்கும் எல்லாரையும் போலத்தான் ரஸ்னா.

வயசு குறைந்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் வீட்டுக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று வந்தான். "ஒளிச்சுச் செய்ய வேண்டாம் தம்பி. மாற்கு சுவிசேஷத்தைப் படி. பதினெட்டு முடியட்டும், அப்பாகிட்ட நீயே சொல்லு, கூட வேணும்னா நான் வர்றேன்" என்றேன். எனக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லி வேறு ஒரு குழுவிடம் போனான். பிறகு வீட்டில் பெரிய சண்டை என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இதில் நான் செய்தது சரியா என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். அவனை விட்டுக்கொடுத்துவிட்டேனோ என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு இன்னொரு பையன் வந்து கேட்டால் அதையேதான் சொல்வேன்.

பெரியவர்கள் கேட்டு வந்தாலும், அதன் விளைவு முழுவதையும் எடுத்துச் சொல்லாமல் ஞானஸ்நானத்துக்கு அழைத்துப் போவது நேர்மை இல்லை. 1950-ம் வருச ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர்கள் பட்டியல் சாதியில் வர மாட்டார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பிள்ளையின் காலேஜ் சீட்டும் அரசு வேலையும் இதில் அடங்கியிருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்துப் பல வருசம் கழித்து, மகளின் சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோதுதான் ஒரு குடும்பத்துக்கு இது தெரிந்தது. அந்த அப்பா என் வீட்டு வாசலில் நின்று, "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அந்தச் சட்டம் நியாயமில்லை என்பது என் கருத்து. சபைகள் பல வருசமாக அதை எதிர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் என் கருத்து அவர் மகளுக்குச் சீட்டு வாங்கித் தராது. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கை மறைத்துவிட்டு வாங்குகிற சம்மதம் சம்மதமே இல்லை. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறது. அது எனக்குப் பிரசங்கிக்கக் கிடைத்த உரிமை என்று மட்டும் நினைத்திருந்தேன். கேட்கிறவருக்கும் அதே அளவு உண்டு.

இன்னொரு பழக்கத்தையும் விட்டேன்: "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்று பிறர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது. இந்தச் சம்பந்தம் சரியா, இந்த வேலையை விடலாமா என்று சின்னப் பெண்கள் வந்து கேட்பார்கள். தேவன் பெயரைச் சொல்லி ஒரு பதிலை வைத்துவிட்டால், அவர்கள் அதை எப்படி மறுப்பார்கள்? பவுல் அப்போஸ்தலனே கொரிந்தியருக்கு எழுதும்போது ஓரிடத்தில் "கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது" என்று பிரித்துக் காட்டுகிறார். அவரே அப்படி எழுதியிருக்கும்போது நான் எம்மாத்திரம்? "இது வேதத்துல இருக்குது, இது என் நெனைப்பு" என்று இரண்டாகச் சொல்கிறேன். முடிவை அவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் நினைப்புக்கு நேர்மாறாக முடிவெடுத்தவர்களின் கல்யாணத்திலும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் பவுலின் இன்னொரு வசனம் எழுதி வைத்திருக்கிறேன்: "உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்." வகுப்புக்குப் போகுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

இப்படியெல்லாம் சொன்னால், "அப்போ ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாமே" என்று சபையில் சிலர் கேட்கிறார்கள். பேசாமல் இருப்பது மரியாதை ஆகாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு ஒரு வருசம் நான் அப்படித்தான் இருந்தேன். அக்கா வீட்டில் எதைப் பேசினாலும் இயேசு பெயரை மட்டும் விழுங்கிவிடுவேன். ஒருநாள் அவரே கேட்டார். "ஏனுங்க டீச்சர், உங்க புஸ்தகத்துல இருந்து ஒண்ணும் சொல்றதில்லையே இப்பெல்லாம். கோவமுங்களா?" நான் ஒதுங்கியதை அவர் தன்னை ஒதுக்கியதாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு 121-ம் சங்கீதம் வாசித்தேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." அவர் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் சென்னிமலை தெரியும். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "நானும் தெனமும் மலையைப் பாத்துத்தானுங்க கும்புடறேன்!" அவருக்கு அது முருகன் மலை. நான் என்ன சொல்வது? அடுத்த வரியை வாசித்தேன்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து ஒத்தாசை வரும் என்று. "மலையை உண்டாக்குனவர்கிட்ட இருந்து வருதுன்னு நான் நம்பறேனுங்க அக்கா" என்றேன். "செரிங்க" என்றார். அவர் நம்பிக்கையும் என் நம்பிக்கையும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. அது உண்மை இல்லை, அவருக்கும் அது தெரியும். இப்போதும் சில நாள் வந்து, "அந்த மலைப் பாட்டை வாசிங்க டீச்சர்" என்பார். வாசிப்பேன்.

ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார். "நாங்கூட உங்க சாமிகிட்ட வரோணும்னு உங்களுக்கு ஆசை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அக்கா. ஒளிக்க மாட்டேன். ஆனா வராட்டியும் நீங்க எனக்கு இதே அக்காதான்."

"அப்பச் செரிங்க, மோர் குடிங்க" என்றார்.

அந்த அக்காவிடம் நான் கற்ற பெரிய பாடம் ஒன்று, நான் கவனிக்காமலே வருசக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாரியம்மன் நோம்பிக்கும் கச்சாயப் பலகாரம் சுட்டு ஒரு போசியில் கொண்டுவந்து தருவார். தரும்போது ஒரு வார்த்தை சொல்வார்: "சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எடுத்து வெச்சுட்டேனுங்க." படைத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து, தன் வீட்டு வழக்கத்தையே எனக்காக ஒரு நிமிஷம் முந்தி நகர்த்தியிருக்கிறார். அவரை நான் ஆட்டோ வைத்து இழுத்துக்கொண்டிருந்த அந்த ஏழு மாசத்தில் ஒரு நோம்பி வந்தது. அப்போதும் இதையேதான் செய்தார். என் மனச்சாட்சிக்கு அவர் கொடுத்த மரியாதையில் பாதியைக்கூட நான் அவருடையதற்குக் கொடுக்கவில்லை.

கடைசியாக என் மகன். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுது என்றான்.

2016-ல் இருந்து அவன் கோயிலுக்கு வருவதில்லை. கோயமுத்தூரில் வேலை, பதினைந்து நாளுக்கொரு தடவை ஊருக்கு வருவான். முதலில் வேலை அலுப்பு என்றான். பிறகு, "எனக்கு நம்பிக்கை இல்லைம்மா" என்றான். அக்காவிடம் கற்றது, வகுப்பில் கற்றது எல்லாம் அன்றைக்கு எனக்குக் கைகொடுக்கவில்லை. அழுதேன். சொந்தக்காரர்களை விட்டுப் பேசவைத்தேன். தினமும் காலை ஒரு வசனம் போனில் அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை, "நீ நாளைக்கு வந்தாத்தான் நான் சோறு திம்பேன்" என்றே சொல்லிவிட்டேன். உபவாசத்தை மகனுக்கு எதிராகத் திருப்பினேன். வந்தான். என் பக்கத்தில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும்போது வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "நீ அழுதா நான் வருவேன்மா. ஆனா உனக்காகத்தான் வருவேன். அது போதுமா உனக்கு?"

பஸ் ஸ்டாண்ட் அக்காவின் அதே வார்த்தை, என் பிள்ளையின் வாயில்.

அன்றைக்கு ராத்திரி மாற்கு 10-ம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மிகுந்த ஆஸ்தியுள்ள ஒருவன் வருகிறான். இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று போட்டிருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்டார். அவன் துக்கத்தோடு போய்விட்டான். இயேசு பின்னாலேயே ஓடவில்லை. அவன் போகிறானே என்று சொன்னதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. அன்புகூர்ந்தவர் போகவிட்டார். அப்படிப் போகவிட அவருக்கு வலித்திருக்காதா?

மறுநாள் அவனிடம் பேசினேன், அழாமல். வசனம் அனுப்புவது தொந்தரவா என்று கேட்டேன். "பொறந்தநாளுக்கு மட்டும் அனுப்புமா" என்றான். இப்போது வருசத்துக்கு ஒன்று. அந்த ஒன்றுக்காக ஒரு மாசம் வேதத்தைத் தேடுகிறேன். தினமும் அனுப்பிய காலத்தில் அப்படி ஒரு நாளும் தேடியதில்லை. எட்டு மணி குடும்ப ஜெபத்துக்கு நானும் எங்கள் வீட்டுக்காரரும் உட்காருவோம்; அவன் மொட்டை மாடிக்குப் போவான். சில நாள் கதவோரம் நிற்பான். நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லும்போது அவன் காதில் விழும்படி குரலை உயர்த்துவதும் இல்லை. அதற்கு எனக்கு ஒரு வருசப் பழக்கம் தேவைப்பட்டது. சபையில் அவனுக்காக ஜெபிக்கக் கேட்பதையும் நிறுத்தினேன். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அவன் விஷயம் நாலு வீட்டுத் திண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது.

2023 கிறிஸ்துமஸ். விடியற்காலை ஐந்து மணி ஆராதனை. வீட்டுக்காரருக்குக் கால் வலி, ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. மகன் எழுந்து, "நான் விடறேன்" என்றான். மார்கழிப் பனி; என் சால்வையை அவன் கழுத்தில் சுற்றிவிட்டேன். கோயில் வாசலில் இறக்கிவிட்டு, "பேக்கரில இருக்கேன், முடிஞ்சதும் வா" என்றான். வா என்று கூப்பிட வாய் வரை வந்தது. "செரி கண்ணு, டீ சூடாக் குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றான். கோயிலில் கொடுத்த கேக்கை அவன் கையில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "ஆயர் என்ன சொன்னாரு?" என்றான்.

"மேய்ப்பர்கள்கிட்ட தூதன் வந்து பயப்படாதிருங்கள்னு சொன்னதைப் பத்தி."

"ம்ம்."

வண்டியை எடுத்தான். வாய்க்கால் பாலம் தாண்டியதும் தலையைக் கொஞ்சம் திருப்பி, "எத்தனை மேய்ப்பருங்கன்னு போட்டிருக்குதாம்மா?" என்று கேட்டான்.

"இல்ல கண்ணு. எண்ணிக்கை போடலை."

வீடு வரும் வரை அவன் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.